பதினாறு கட்டத்துக்குள் ஒரு மனிதன்!

வேளச்சேரியில் எங்கள் வீட்டுப் பரணைச் சென்ற மாதம் சுத்தம் செய்தோம். இரண்டு பொருள்கள் கிடைத்தன. ஒன்று, 1990-களில் வாங்கிய டி.வி. விளையாட்டுப் பெட்டி. மற்றொன்று, என் தாயாரின் கோல நோட்டு.

"இரண்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா, மாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"கூடாது!" என்றேன்.

அந்த விளையாட்டில் வரும் படங்களைப் பொம்மை என்று பலர் கேலி செய்கிறார்கள். நானும் அன்று மகனைத் திட்டியவன்தான். நாள் முழுவதும் விளையாடுவது கெடுதல். அது வேறு பேச்சு. ஆனால் அந்தப் படங்கள் கலைதான். அதுவும் லேசான கலை அல்ல!

மீசை வந்த கதை

டி.வி. படம் என்பது சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆனது. இன்றைய செல்போனில் அவை லட்சக்கணக்கில் உண்டு. அன்று அப்படி இல்லை. ஜப்பானியர் மியாமோட்டோ, 1981-ல் 'டாங்கி காங்' என்ற விளையாட்டுக்கு ஒரு மனிதனை வரைந்தார். அவருக்குக் கிடைத்த இடம், அகலம் 16 கட்டம், உயரம் 16 கட்டம். வர்ணம் மூன்றே மூன்று!

அதற்குள் வாயை எப்படி வரைவது? பெரிய மூக்கை வைத்து, கீழே மீசையை ஒட்டினார். வாய் தேவைப்படவில்லை. தலைமுடி வரைவதும் கஷ்டம். தொப்பியை மாட்டிவிட்டார். அவன்தான் உலகம் அறிந்த மேரியோ!

1985-ல் வந்த 'சூப்பர் மேரியோ' விளையாட்டில் மேகமும் புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம். பச்சை பூசினால் புதர். எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள்? அந்த முழு விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது.

தாம்பரத்தில் நடந்தது

நம் பெண்களுக்கு இது புதிதா? புள்ளியும் கோடும் தவிர அவர்கள் கையில் என்ன இருக்கிறது? அடுக்குமாடி வீட்டில் வாசலே இரண்டு அடிதான். அதற்குள் தாமரை மலர்கிறது, மயில் ஆடுகிறது. (ஒட்டுகிற கோலத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை!)

இதைப் படித்தவர்களும் கவனித்தார்கள். வேளச்சேரி சாலையில் நேரே போனால் தாம்பரம். அங்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவரும், ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிறு சிறு துண்டுகளை எந்த விதிப்படி அடுக்கினால் கோலம் வரும் என்று, கணிப்பொறிக்கு ஏற்ற இலக்கணம் வகுத்தார்கள். மேரியோ பிறக்கவே அப்போது ஏழு ஆண்டுகள் பாக்கி!

பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு என்றால் வர்ணப் பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். வாங்க முடியாத பிள்ளை என்ன செய்யும்? கட்டம் போட்ட கணக்கு நோட்டும் ஒரு பென்சிலும் போதுமே! வாரத்தில் ஒரு நாள் இதைச் சொல்லிக் கொடுத்தால் என்ன? கோலம் போடத் தெரிந்த தாய்மார்களையே வந்து கற்றுத்தரச் சொல்லலாம்.

நான் பேரனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். "பதினாறு கட்டத்துக்குள் நம் வீட்டுப் பூனையை வரை, பார்க்கலாம்" என்றேன். முதல் நாள் அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. பிறகு பாட்டியின் கோல நோட்டைப் புரட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் வாலும் மீசையும் ஜோராக வந்துவிட்டன. காதுக்குத்தான் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறான்!