டிகிரி கையில், நிலம் யார் கையில்?

1980-இல் எழுதிய விற்பனை ஒப்பந்தம் ஒன்று தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் வழக்கானது. வாதிக்கு டிகிரி, அதாவது தீர்ப்பாணை, கிடைத்தது, மேல்முறையீடுகளிலும் நிலைத்தது. ஆனால் சுவாதீனம் கேட்டுப் போனபோது, குத்தகைக்குப் பயிரிடுகிறோம் என்று வேறு சிலர் குறுக்கே நின்றார்கள். மறுபடியும் கீழமை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி, 2025 மார்ச்சில் நீதிபதிகள் பர்திவாலா, பங்கஜ் மித்தல் அமர்வு அதை முடித்துவைத்தபோது வழக்கு நடத்தியவர்கள் வாதியின் வாரிசுகள்.

அத்தோடு நிறுத்தாமல், நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கும்படி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் அந்த அமர்வு உத்தரவிட்டது. அக்டோபரில் கணக்கு வந்தது. ஆறு மாதத்தில் முடிந்தவை 3.38 லட்சம், மீதி 8.82 லட்சம். தமிழ்நாட்டில் மட்டும் 86,000-க்கு மேல். மனுப் போட்டுக் காத்திருக்கும் அத்தனை பேரும் வழக்கில் ஜெயித்தவர்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. டிகிரி வாங்கிய பிறகுதான் இந்திய வழக்காடியின் தொல்லை தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது 1872-இல்!

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளையில் மட்டும் நூற்றுக்கு மேல் விதிகள் உண்டு. வாதி புதிதாக ஈ.பி. எனும் நிறைவேற்று மனு போட வேண்டும், பேட்டா கட்ட வேண்டும், நீதிமன்ற அமீனா போக வேண்டும். அமீனா போனால் வீடு பூட்டியிருக்கும். திறந்திருந்தால் தோற்றவரின் மைத்துனரோ பங்காளியோ உள்ளே இருந்து, எனக்கும் பாத்தியதை உண்டு என்பார். அதையும் அதே நீதிமன்றம்தான் விசாரித்து முடிக்க வேண்டும், தனி வழக்குக்கு இடமில்லை என்று 1976-இலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அந்த விசாரணையே இன்னொரு தாவா போல நீள்கிறது. சாட்சி, குறுக்கு விசாரணை, அப்பீல், அதற்கொரு தடையுத்தரவு.

ஆட்சேபிப்பவர் எல்லாரும் ஏவிவிடப்பட்டவர்கள் அல்லர். உண்மையான குத்தகைதாரர் உண்டு. கணவர் செய்த கிரயத்தை அறியாத மனைவி உண்டு. அவர்களுக்குக் கதவை அடைப்பது அநியாயம். அவர்களைத் தேட வேண்டிய நேரம் வழக்கின் தொடக்கம். சொத்தில் யார் இருக்கிறார், யாருக்குப் பங்கு என்று முதலிலேயே இரு தரப்பிடமும் கேட்டுப் பதிவு செய்யுங்கள், தேவைப்பட்டால் கமிஷனரை அனுப்பிப் பாருங்கள் என்று 2021-இலேயே உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லிவிட்டது. ஆறு மாதக் கெடுவும் அந்தத் தீர்ப்பிலேயே உண்டு. கெடுதான் எல்லார் நினைவிலும் நின்றது. ஆணிவேரான அந்த முதல்நாள் விசாரணை எத்தனை முன்சீப் கோர்ட்டுகளில் ஒழுங்காக நடக்கிறது?

வெறும் கெடுவை நம்ப எனக்குத் தயக்கம் உண்டு. பேட்டா கட்டாததால் தள்ளுபடியானாலும் நிறைவேற்று மனு ‘முடிந்தது’தான். பணமோ நிலமோ வாதி கைக்கு வந்ததா என்பதை அந்த எண்ணிக்கை காட்டாது. மூல வழக்கும் அப்படியே. தீர்ப்பு எழுதிய அன்றே முடிந்த கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு ஜெயித்தவர் பத்தாண்டு அலைந்தாலும் அது புதிய மனு, புதிய எண்.

முதலில் மாற வேண்டியது இந்தக் கணக்கு. சுவாதீனம் ஒப்படைத்த ரசீதோ, பணம் பெற்ற பதிவோ வரும்வரை மூல வழக்கின் எண்ணிலேயே அது நிலுவையாக இருக்கட்டும். தீர்ப்பளித்த நீதிமன்றமே வாதி தனி மனு போடாமல் அடுத்த வாய்தாவை நிறைவேற்றத்துக்குக் குறிக்கட்டும். பொய் ஆட்சேபம் என்று தெரிந்தால், வாதி இழந்த வருடங்களின் வாடகையையும் விளைச்சலையும் கணக்கிட்டு, ஆட்சேபம் போட்டவரிடமே வசூலிக்க வேண்டும். செலவுத்தொகை என்று சில ஆயிரம் ரூபாய் விதிப்பதால், பல லட்சம் பெறும் நிலத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடப் போவதில்லை.