காத்திருக்க இயலுமா?

"பங்குகளை வாங்குங்கள், விற்காதீர்கள், விழுந்த சந்தை மீண்டும் எழும்" என்னும் அறிவுரை இலண்டன்வாழ் எம்மவர் காதுகளிலும் விழுகிறது. அது பொய்யன்று; முழு உண்மையுமன்று.

1999 டிசெம்பர் இறுதியில் இலண்டன் பங்குச் சந்தையின் நூறு பெருநிறுவனச் சுட்டெண் 6,930 புள்ளிகளில் நின்றது. 2003 மார்ச்சில் 3,300க்கும் கீழிறங்கியது. பழைய உச்சத்தை அது தாண்டியது 2015 பெப்ரவரியிலேயே. இடையில் பங்கிலாபம் கிடைத்ததெனினும், காத்திருப்புப் பதினைந்து ஆண்டுகள். அதுவும் பல நிறுவனங்களில் பரவலாக முதலிட்டோருக்கே. நோதேர்ன் றொக் வங்கியை மட்டும் நம்பியிருந்தோர், 2008இல் அரசு அதனைக் கையேற்றபின் தம் பங்குகளுக்கு ஒரு பென்சும் பெறவில்லை.

வதிவிட அனுமதி உறுதியாகாதவரும், மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புபவரும், வட்டிக் கடன் சுமப்பவரும் அத்துணை காலம் காத்திருக்க இயலுமா? சந்தை விழும் காலத்தில் வேலையும் பறிபோவதுண்டு. அப்போது அடிவிலைக்கு விற்கச் செய்வது அறியாமையன்று, தேவையே.

ஆகவே முதலில் கடனை அடையுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் ஒதுக்குங்கள். நெடுங்காலம் தொடத் தேவையற்றதை மட்டும் பரவலாக முதலிடுங்கள். அதன்பின் சந்தை விழுந்தால் அஞ்சி விற்காதீர்கள். பொறுமைக்கும் கைமுதல் வேண்டும்.