விரல் மடங்காத காலை

சென்ற வருஷம் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, தினந்தோறும் இரண்டாவது மணிக்குத்தான் வகுப்புக்கு வந்தாள். கடிந்து கொண்டேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. விடிந்து இரண்டு மணி நேரம் வரையில் அவள் தாயாருக்கு விரல்கள் மடங்குவதில்லையாம். குடம் தூக்குவதும் அடுப்பு மூட்டுவதும் பெண்ணின் தலையில். சின்ன வெங்காயம் உரித்தும் பருத்தி எடுத்தும் ஜீவித்த கைகள் அவை!

கிராமத்தார் சரவாங்கி என்பார்கள். வைத்தியர்கள் முடக்குவாதம் என்கிறார்கள். வயதினால் மூட்டுத் தேய்வது வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டின் உட்சவ்வைப் பகையென்றெண்ணித் தாக்குகிறது. புருஷர்களைவிட ஸ்திரீகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆரம்பத்திலேயே தக்க மருந்து கொடுத்தால் பெரும்பாலும் விரல் கோணாமல் காக்கலாம். அந்த அம்மாளோ கடையில் வாங்கிய வலி மாத்திரையிலேயே இரண்டு வருஷங்களைக் கழித்துவிட்டார்.

பின்னர் வைத்தியர் தந்த மெதோட்ரெக்ஸேட் மாத்திரையிலும் ஒரு சங்கடம். வாரத்தில் ஒரே நாள்தான் அதைச் சாப்பிட வேண்டும். தினம் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வரிசையில் நிற்பவருக்கு இதை அரை நிமிஷத்தில் விளக்கிவிட முடியுமா?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த கேட் லோரிக் என்ற அம்மையார், 1970-களின் இறுதியில் இதற்கு வழி தேடினார். பலவித மூட்டு நோயாளிகளும் கூடும் வகுப்பு. வாரம் இரண்டு மணி, ஆறு வாரம். கற்பிப்பவர்கள் வைத்தியர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண ஜனங்கள். அவர்களிலும் பலர் நோயாளிகளே! நான்கு வருஷத்துக்குப் பின்னும் வலி சராசரி நூற்றுக்கு 20 பங்கும், வைத்தியரிடம் செல்வது 40 பங்கும் குறைந்திருந்ததாக 1993-ல் அவர் குழுவினர் எழுதினர். தேகப் பயிற்சியைக் காட்டிலும், 'என்னால் சமாளிக்க முடியும்' என்ற தைரியமே குணத்தோடு நெருங்கி நின்றதாம். மருந்துக்கு இது பதிலாகாது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடச் செய்யும்.

அரியலூரில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீடு தேடி வருகிறார். சுய உதவிக் குழுக்களோ ஊர்தோறும் கூடுகின்றன. அங்கேயே இந்தப் பாடத்தையும் நடத்தலாகாதா? பாய் மட்டும் விரிக்க வேண்டாம், நாற்காலி போடுங்கள். தரையிலிருந்து எழுவதே இவர்களுக்குத் தண்டனை.

அந்த வீட்டுக் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். போன மாதம் மாணவி இன்னொரு காலண்டரை நீட்டினாள்.

"எதிர் வீட்டுப் பாட்டிக்கும் அதே மாத்திரைதான், ஸார். அவங்களுக்குப் புதன்கிழமை."