படுத்துக் கிடந்தா தெம்பு சேருமா?



சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேட்ச். காலையில என்ன பண்ணுவீங்க? 'தெம்பை வேஸ்ட் பண்ணக் கூடாது மச்சி'ன்னு போர்வையை இழுத்து மூடிப் படுத்துக் கிடப்பீங்க. கிரவுண்டுக்குக் கிளம்பும்போது கொட்டாவி வரும். உடனே டீக்கடைக்கு ஓடி டபுள் ஸ்ட்ராங் காபி. இதுதானே நம்ம ஃபார்முலா?

எங்க கரியமாணிக்கம், பாகூர் பக்கம் மின்னொளி கபடின்னா இன்னும் கஷ்டம். முதல் ரெய்டு போறதுக்கே ராத்திரி ஆயிடும். அதுவரைக்கும் உடம்பை என்ன பண்றது? அதான் இந்த வார மேட்டர்.

2014-ல் கிறிஸ்டியன் குக் என்ற ஆய்வாளரின் குழு, ரக்பி வீரர்கள் 18 பேரைச் சோதிச்சுப் பார்த்தது. ஒரு நாள் காலையில கனமான எடையோட ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ். இன்னொரு நாள் வேக ஓட்டம். வேறொரு நாள் சும்மா ஓய்வு. மதியத்துக்கு மேல டெஸ்ட். ரிசல்ட்? ஓய்வெடுத்த நாளைவிட, எடை தூக்கின நாள்ல பலமும் கூடுதல், 40 மீட்டர் ஓட்டமும் வேகம்! பகல் ஏற ஏற இறங்குற டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனும் அன்னிக்குக் கம்மியாத்தான் இறங்கியிருக்கு.

இதுக்குப் பேர் பிரைமிங். மோட்டார் போடுறதுக்கு முன்னாடி பம்புல தண்ணி ஊத்துவாங்களே... இன்ஜினீயரிங்ல அதுக்கும் இதே பேர்தான்!

ஜிம் பழக்கம் இருக்கா? மேட்ச்சுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி, கனமான எடையில மூணு செட், செட்டுக்கு மூணு தடவை போதும். பழக்கம் இல்லையா? நல்லா வார்ம்-அப் பண்ணிட்டு நாலஞ்சு குட்டி ஸ்பிரின்ட், கொஞ்சம் ஜம்ப். அரை மணி நேரத்துல முடிச்சிட்டு சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க. தொடை நடுங்குற அளவுக்குப் போனா அது பிரைமிங் இல்ல, டேங்க் காலி!

சரி, அந்த டபுள் ஸ்ட்ராங்குக்கு வருவோம். 'களைப்பு'ன்னு மூளைக்குச் சொல்ற அடினோசினோட சீட்டுல கஃபீன் போய் உட்கார்ந்துக்கும். அவ்வளவுதான் ரகசியம். 2004-லேயே தடைப் பட்டியல்ல இருந்து இதை எடுத்துட்டாங்க. ஆய்வுகள் சொல்ற அளவு, உடல் எடையில கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. 60 கிலோ ஆளுக்கு 180-லேயே ஆரம்பம். எனர்ஜி டிரிங்க்ல லிட்டருக்கு 300 மில்லிகிராம்தான் நம்ம நாட்டு உச்சவரம்பு. அப்போ 250 மில்லி கேன்ல அதிகபட்சம் 75. ஃபில்டர் காபியில சிக்கரி கலந்திருந்தா இன்னும் குறையும். சிக்கரியில கஃபீனே கிடையாது!

'அப்போ மாத்திரை, பவுடர்?' வேணாம் பாஸ். 2015-ல் இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்துல ஒரு பரிசோதனை. ரெண்டு மாணவர்களுக்கு 0.3 கிராம் கஃபீன் கொடுக்கணும். தசமப் புள்ளி தப்பிப்போய் 30 கிராம் கொடுத்துட்டாங்க. ரெண்டு பேரும் ஐ.சி.யூ. வரை போய்ப் பிழைச்சாங்க. 2017-ல் பல்கலைக்கழகத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம். புள்ளியில இருக்கு உயிர்!

இன்னொரு கணக்கு. குடிச்ச கஃபீன்ல பாதி கரையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பதுக்கு 180 போட்டா, விடியற்காலை ரெண்டு மணிக்கும் 90 உடம்புல முழிச்சிட்டிருக்கும். மறுநாள் ஃபைனல்னா தூக்கம்தான் பெரிய டானிக். அதனால ராத்திரி மேட்ச்சுக்குக் காலை பிரைமிங்கை நம்புங்க, காபியைக் குறைங்க. பி.பி., இதயப் பிரச்னை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம இதுல இறங்க வேணாம்.

முக்கியமா, ரெண்டையும் முதல்ல பிராக்டிஸ் நாள்ல டெஸ்ட் பண்ணுங்க. ஃபைனல் அன்னிக்கு லேப் நடத்தக் கூடாது!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். அதுவரைக்கும்... போர்வையை மடிச்சு வைங்க!