“நல்ல நாவல்”களின் யோக்கியதை



சென்ற மாதம் பாளையங்கோட்டையில் உபாத்தியாயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கனவான் நம்மை வழிமறித்துக்கொண்டார். கையில் ஒரு பை. பைக்குள் தடித்தடியாய் ஐந்து புத்தகங்கள். பேத்திக்கு வாங்கிப் போகிறாராம். “உங்கள் கட்சிக்காரர்கள் எதை எடுத்தாலும் குற்றம் சொல்லுகிறீர்கள். இந்தப் புத்தகங்களைப் பாரும். ஆபாசம் மருந்துக்கும் கிடையாது. பக்தி இருக்கிறது, சரித்திரம் இருக்கிறது, காதல் இருந்தாலும் கண்ணியமாய் இருக்கிறது. வயது வந்த பெண்ணின் கையில் தைரியமாய்க் கொடுக்கலாம். இதில் என்ன குறை கண்டீர்?” என்று கேட்டார். பஸ் வந்துவிட்டதால் அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. அவர் நல்ல மனிதர், மரியாதையாய்க் கேட்டார். அதனால் பதிலும் அப்படியே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நம்முடைய சங்கதியை ஒப்புக்கொண்டுவிடுவது யோக்கியம். நான் இந்த நாவல்களைப் படிக்காதவன் அல்ல. எனக்குத் தமிழ் படிக்க வந்ததே இவைகளால்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். என் அத்தைக்கு 1979-ல் கல்யாணம். 1984-ல் தாலி போய்விட்டது. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, திண்ணை மூலையில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தாள். இன்றுவரை சுற்றுகிறாள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை யாரோ கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைத்திருந்த கட்டுகள் எங்கள் தெருவில் வீடுவீடாய்ச் சுற்றும். அத்தையின் கை இலையும் தூளுமாய் இருக்கும். புத்தகத்தைத் தொட முடியாது. ஆகவே நான் வாசிக்க வேண்டும், அவள் கேட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். ஆயிரம் பீடிக்கு இத்தனை அத்தியாயம் என்று எங்களுக்குள் கணக்கே உண்டு. பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் எல்லாம் அந்தத் திண்ணையில்தான் முடிந்தன. கல்கி அவர்களின் தமிழ் ஓட்டம் லேசானதல்ல. அதை இல்லையென்று சொல்லுகிறவன் பொறாமைக்காரன்.

சிவகாமியின் சபதம் முடிந்த அன்று நான் அழுதேன். அத்தை அழவில்லை. பீடிக் கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டே, “ஏலே மருமவனே, அவளுக்குச் சாமியாவது தாலி கட்டிச்சு. நமக்கு மனுசன் கட்டினதையும்லா அறுத்துட்டாங்க” என்றாள். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பல வருஷம் கழித்து, நமது இயக்கப் புத்தகங்களைப் படித்த பிறகுதான் அந்தப் பேச்சின் பொருள் விளங்கிற்று.

அந்தக் கதையின் முடிவை நினைத்துப் பாருங்கள். சிவகாமி என்ற நடனப் பெண் மாமல்லனைக் காதலிக்கிறாள். வாதாபியில் சிறைப்பட்டு, சபதம் நிறைவேறித் திரும்பி வருகிறாள். இராஜாவுக்கோ கல்யாணம் ஆகிப் பிள்ளையும் இருக்கிறது. இனி அவள் என்ன செய்வாள்? காஞ்சியில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் திருமாங்கல்யம் அணிந்துகொண்டு, சுவாமியையே நாயகனாய் ஏற்று ஆடுகிறாள். வாசகர்கள் கண்ணீர் விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள்.

இதற்குப் பெயர் என்ன? நம்மூரில் இதற்குப் பெயர் பொட்டுக் கட்டுதல். இந்தக் கதை 1944 முதல் 1946 வரை வந்தது. கோவிலுக்குப் பெண்ணைப் பொட்டுக் கட்டிவிடுவதை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தானே அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் “தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்” என்ற நாவலை 1936-லேயே எழுதி வெளியிட்டாகிவிட்டது. 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்து, பொட்டுக் கட்டுவது குற்றம் என்றாகிவிட்டது. அதாவது, எந்தக் காரியத்துக்கு ஜெயில் என்று சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்களோ, அதே காரியம் ஒரு “நல்ல நாவலில்” பரமபதமாகக் காட்டப்படுகிறது!

“அது ஏழாம் நூற்றாண்டுக் கதை ஐயா, அந்தக் காலத்து வழக்கத்தைத்தானே எழுத முடியும்?” என்று உபாத்தியாயர் ஆட்சேபிப்பார். ஆட்சேபிக்கட்டும். ஆனால் மகேந்திரவர்மனும் நரசிம்மவர்மனும் புலிகேசியும் சரித்திரத்தில் இருந்தார்கள். சிவகாமி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவள் ஆசிரியரின் சொந்தச் சிருஷ்டி. சொந்தமாய்ச் செய்த பெண்ணுக்கு எந்த முடிவை வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். அவள் ஒரு பள்ளி வைத்து நாலு பெண்களுக்கு நாட்டியம் கற்றுக்கொடுத்தாள் என்று எழுதினால் எந்தச் செப்பேடு வந்து மறுக்கப் போகிறது? சரித்திரம் தடுக்காத இடத்திலும் அவளைக் கோவிலுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது எது என்பதுதான் நம் கேள்வி. காதலில் தோற்ற பெண்ணுக்குப் புருஷனில்லாமல் ஒரு வாழ்வு உண்டு என்று நினைக்கவே வைதீக மனத்துக்கு முடியாது. மனுஷப் புருஷன் இல்லையென்றால் கல்லாவது புருஷனாக வேண்டும்.

ஆபாசம் இல்லை என்கிறார்கள். முத்தமிட்டதை எழுதினால்தான் ஆபாசமோ?

பொன்னியின் செல்வனுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை தொடராய் வந்து, நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்புகளாய்ப் பெருகி, 2022-லும் 2023-லும் சினிமாவாகவும் வந்துவிட்டது. நம் திருநெல்வேலியிலிருந்தே வேன் பிடித்துத் தஞ்சாவூர் போகிறார்கள்; பெரிய கோவிலைப் பார்த்து, “நம் இராஜராஜன்!” என்று உருகுகிறார்கள். போகட்டும், நல்லது; கட்டடம் பார்க்கத் தக்கதுதான். ஆனால் அந்தச் சுவரில் எழுதியிருப்பதை யாராவது வாசித்துக் காட்டினார்களா? பல ஊர்க் கோவில்களிலிருந்தும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து, தெருத் தெருவாய்க் குடியேற்றி, ஆளுக்கு ஒரு வீடும் வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும் என்று பெயர் பெயராய் வெட்டி வைத்திருக்கிறது. அதே கல்வெட்டுகளில் ஊர்களைக் கணக்கெடுக்கும்போது பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி என்று வருகிறது. கோவில் கட்டக் கல் சுமந்தவன் எந்தச் சேரியில் படுத்தான் என்று ஐந்து பாகத்தில் ஒரு பக்கமாவது உண்டா?

இன்னொரு சங்கதி. ஆதித்த கரிகாலன் கொலை. காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடிக் கோவிலில், இராஜராஜனுடைய இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அவனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய பெயர்களைச் சொல்லுகிறது. பிரமாதிராஜன் என்று அவர்களுக்குப் பட்டமும் போட்டிருக்கிறது. பிரமாதிராஜன் என்பது சோழ அரசாங்கத்தில் பார்ப்பன அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். அந்தக் கல்வெட்டில் காண்கிற தண்டனை, அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலம் முதலிய சொத்துகளைக் கைப்பற்றி விற்றதுதான். ஒரு பட்டத்து இளவரசனைக் கொன்றதற்கு! வேறு ஜாதியான் ஒருவன் செய்திருந்தால் கழு மரம் எத்தனை நட்டிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா? நாவலில் ரவிதாசன் யார்? நடுராத்திரியில் ஆந்தை மாதிரி கத்துகிற மந்திரவாதி. அரசாங்க அதிகாரி மந்திரவாதியாய்ப் போன மாயம் அது.

இந்து நாவலை மாத்திரம் சொல்லி நிறுத்திக்கொண்டால், “பாதிரிமார்கள் பணம் கொடுத்தார்களோ?” என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களுக்கும் நம் ஊர் உதாரணமே இருக்கிறது. பாளையங்கோட்டைக் கோட்டைப் பக்கம் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று ஒரு பழைய சர்ச்சு உண்டல்லவா? அந்த அம்மாளின் கதைதான் பெருங்குளம் அ. மாதவையா 1915-ல் இங்கிலீஷில் எழுதிய “கிளாரிந்தா” என்ற சரித்திர நாவல். பிற்காலத்தில் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டது. மாதவையா சாமான்ய மனிதர் அல்ல. பிராமண குலத்தில் பிறந்து விதவைகளின் கொடுமையை 1903-லேயே “முத்துமீனாட்சி”யில் எழுதிய நெஞ்சுரம் அவருக்கு உண்டு. உப்பு இலாகா உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். 1925-ல் தமிழுக்காகப் பேசி அமர்ந்த சபையிலேயே உயிர் விட்டார். அவர் நாவலில், தஞ்சாவூர்ப் பக்கத்து இளம் விதவை ஒருத்தியை உடன்கட்டை ஏற்றப் போகையில் லிட்டில்டன் என்ற துரை சிதையிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவருகிறான். பிறகு அன்பு, துரையின் சாவு, ஞானஸ்நானம், தர்மம், சாந்தி. படிக்கும்போது மனம் இளகத்தான் செய்கிறது.

இப்போது மிஷன் ஏடுகளில் உள்ளதைப் பாருங்கள். துரை அவளை மணப்பதாகச் சொன்னான், மணக்கவில்லை. அவள் ஞானஸ்நானம் கேட்டாள். துரையோடு அப்படி வாழ்கிறவரை முடியாது என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். துரை செத்த பிறகே, 1778-ல், கிடைத்தது. கவனியுங்கள்: வாக்குத் தவறியவன் துரை, வாசலில் நிறுத்தப்பட்டவள் அவள். சிதையும் அவளுக்குத்தான், பாவமும் அவளுக்குத்தான்! ஆயினும் அந்த அம்மாள் உட்கார்ந்து அழவில்லை. 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபையின் 40 பேர் ஜாபிதாவில் முதல் பெயர் அவளுடையது. முன்நின்று கோவில் கட்டுவித்து 1785-ல் அது பிரதிஷ்டையும் ஆயிற்று. அவள் வெட்டிய கிணற்றைப் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே ஜனங்கள் சொன்னார்கள். இவ்வளவு காரியம் செய்தவளைப் பற்றி நாம் ஞாபகம் வைத்திருப்பது என்ன? குதிரையில் வந்த துரை தூக்கிக்கொண்டு போன காட்சி! காப்பாற்ற ஒருவன் வருவான், கடவுள் அனுப்புவார் என்பதுதான் இந்த நாவல்கள் எல்லாவற்றுக்கும் பொது மூலதனம். மதம் மாறினாலும் இது மாறுவதில்லை.

சர்ச்சுக்குள் போனால் சமத்துவம் என்கிற பக்தர்கள் வடக்கன்குளம் போய் விசாரிக்கட்டும். அங்கே 1872-ல் கட்டி முடித்த கத்தோலிக்கக் கோவில், பீடம் ஒன்று, ஜனங்கள் நிற்க இரண்டு கை, நடுவில் சுவர், கால்சட்டை மாதிரி. மேல்ஜாதிக் கிறிஸ்துவர் ஒரு காலில், நாடார்கள் முதலிய மற்றவர் மறு காலில். 1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் துணிந்து அந்தத் தடுப்பை இடித்தார். எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்குப் போயும் பலிக்கவில்லை. இதை வைத்து ஒரு சரித்திரக் காதல் நாவல் எழுதலாமே! இந்தக் காலில் ஒரு பையன், அந்தக் காலில் ஒரு பெண். யாராவது எழுதினால் அந்தப் பேத்திக்கு நாமே வாங்கிக் கொடுக்கிறோம்.

தாமிரபரணிக் கரையிலேயே இன்னொன்று. “மங்கையர்க்கரசியின் காதல்” என்ற சரித்திரக் காதற் கதையை எழுதிய வ.வே.சு. ஐயர்தான் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் பணம் 5,000 ரூபாயும் பொதுஜனங்கள் பணமும் வாங்கி நடந்த அந்த இடத்தில், பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி என்று 1924, 1925-ல் வெடித்தது ரகளை. ஐயர் கோழையல்ல; நாட்டுக்காகத் தலைமறைவாய் வாழ்ந்தவர்; 1925-ல் பாபநாசம் மலை அருவியில் அடித்துக்கொண்டு போன மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் மாண்டார். அப்படிப்பட்ட தைரியசாலிக்கும் ஒரு பந்தியில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைக்கத் தைரியம் வரவில்லை. கதையில் இளவரசிக்காக உயிர் கொடுக்கிறவர்கள் நிறைய; சோற்றுப் பந்தியில் இலையை நகர்த்திப் போடுகிறவர்கள்தான் கிடைப்பதில்லை.

“அப்படியானால் இவற்றைக் கொளுத்திவிடலாம் என்கிறீரா?” கொளுத்த வேண்டாம். படியுங்கள்; படித்துவிட்டுச் சண்டை போடுங்கள். பக்கத்தில் ராமாமிர்தம் அம்மையாரின் நாவலையும் வையுங்கள். நாங்கள் சொல்லுவது, பெண்பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்கது என்று ஒரு முத்திரை குத்துகிறீர்களே, அந்த முத்திரையைப் பற்றித்தான். பெண் எதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டுமோ அதை மறைக்கிற புத்தகத்துக்கே அந்த முத்திரை கிடைக்கிறது.

என் அத்தைக்கு எது மறைக்கப்பட்டது தெரியுமா? 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது: பிதுரார்ஜிதச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பங்கு. 1929-ல் செங்கல்பட்டு மகாநாட்டில் கேட்ட உரிமை, அறுபது வருஷம் கழித்து வந்தது. ஆனால் சட்டம் வருமுன் கல்யாணமான பெண்களுக்கு இல்லை என்று ஒரு நிபந்தனை. 1979-ல் கல்யாணமானவள் அத்தை, போயிற்று. 1996-ல் தாத்தா, உயிரோடிருக்கும்போதே, இருந்த நஞ்சையை இரண்டு பிள்ளைகளுக்கும் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்தார். 2005-ல் மத்தியச் சட்டம் வந்து, கல்யாணமான பெண்ணுக்கும் பங்கு என்றது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிந்த பாகத்தைக் கிளறக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. அதுவும் போயிற்று. இவ்வளவும் நடந்த வருஷங்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் குந்தவையின் சாமர்த்தியத்தையும் வானதியின் பக்தியையும் வாசித்துக்கொண்டிருந்தேன். பத்திரம் எழுதிய அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். திண்ணையில் அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, எனக்குந்தான் தோன்றவில்லை.

என் தகப்பனார் பங்கில் எனக்கு வந்த வயலில் பாதியை இப்போது அவள் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது பெருமையல்ல, அவள் வயதுக்கு இனி அந்த வயலில் இறங்கி நாற்றுப் பார்க்கப் போவதில்லை. முப்பது வருஷம் முந்திச் செய்திருந்தால் அத்தனை பீடி சுற்றியிருக்க வேண்டாம்.

உபாத்தியாயர் அவர்களுக்கு இரண்டு பெண்மக்களும் ஒரு பையனும் என்று கேள்வி. புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, தம் வீட்டுப் பாகப் பத்திரத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்த்து எழுதட்டும். நாவலைப் பற்றிய மிச்ச விவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.