கண்ணீர் வராத அழுகை

ஸ்காட்லாந்தில் வசந்தம் வந்தால் குதிரை வளர்ப்பவர்களுக்குக் கூடவே ஒரு கவலையும் வரும். நேற்றுவரை நன்றாக மேய்ந்த குதிரை இன்று விழுங்க முடியாமல் தவிக்கும். உடல் வியர்க்கும், தசை நடுங்கும், குடல் அசையாது. நோய் கடுமையாகத் தாக்கினால் இரண்டே நாளில் முடிந்துவிடும். 'புல் நோய்' என்று பெயர். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் காரணம் உறுதிப்படவில்லை.

பழி புல்லின் மீது. அடிபடுவதோ தன்னியக்க நரம்பு மண்டலம். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம் என்று நம்மைக் கேட்காமலே நடக்கும் காரியங்களைக் கவனிக்கும் நரம்புகள் இவை.

1982-ல் பிரிட்டனில் பூனைகளுக்கு இதே கதி. விரிந்த கண்மணி, காய்ந்த மூக்கு, தீராத மலச்சிக்கல். முதலில் விவரித்த கீ, காஸ்கெல் ஆகியோரின் பெயரே நோய்க்கும் நிலைத்தது.

மனிதர்களும் தப்பவில்லை. 1949-ல் நியூயார்க் மருத்துவர்கள் ரைலி, டே குழுவினர் சில யூதக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தைகள் அழுவார்கள், கண்ணீர் வராது. பரம்பரையாக வரும் இந்த நோயின் மரபணு 2001-ல் பிடிபட்டது. பெற்றோர் இருவரிடமும் குறை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. முன்கூட்டிய பரிசோதனை வந்தபின் இக்குறையுடன் பிறக்கும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்துவிட்டனர்.

இதெல்லாம் எங்கோ நடக்கும் அபூர்வம் என்று ஒதுக்க முடியாது. இதே நரம்புகளை அரிக்கும் நோய்களில் முதலிடம் சர்க்கரைக்குத்தான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி நீரிழிவு நோயாளிகள். அவர்களில் சிலருக்குப் படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் சரிகிறது. தலை சுற்றி விழுகிறார்கள். "வயசாயிடுச்சு" என்று வீட்டார் சமாதானம் சொல்கிறார்கள். இன்னும் சிலருக்கு மாரடைப்பே வலியில்லாமல் வந்து போகிறது.

கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிறகு நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் எச்சரிக்கை. மாத்திரையை மாற்றுவது, மெல்ல எழுந்திருப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது போன்ற எளிய வழிகளிலேயே பல விழுதல்களைத் தவிர்க்கலாம்.

புல் நோயைச் சந்தேகிக்கும் கால்நடை மருத்துவர், குதிரையின் ஒரு கண்ணில் சொட்டு மருந்து விட்டு, தொங்கிய இமை மயிர் நிமிர்கிறதா என்று அரை மணி நேரம் காத்திருக்கிறார். கூட்டம் நெரியும் நம் மருத்துவமனைகளில் நோயாளியை எழுந்து நிற்கச் சொல்ல மூன்று நிமிடம் கிடைக்குமா?