தாலுகாவா, கிராமமா?

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தன என்று படித்தே வளர்ந்திருக்கிறோம். அது பாதி உண்மை. ஓர் இடத்தில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று சொல்வதற்கு முன், அந்த 'இடம்' எவ்வளவு பெரியது என்று முடிவு செய்தாக வேண்டும். மாவட்டத்தை எடுத்தால் ஒரு விடை, தாலுகாவை எடுத்தால் வேறு விடை, கிராமத்தை எடுத்தால் இன்னொன்று. எல்லையோர ஊர்கள் பலவற்றின் தலையெழுத்தை மொழியைவிட இந்த அலகே எழுதியது என்பது என் உறுதியான கருத்து.

திருத்தணியை எடுத்துக்கொள்வோம். வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்து ஆங்கிலேய அரசு 1911இல் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கியது. நிர்வாக வசதிக்காகச் செய்த வேலை அது. மொழி அதில் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது அந்த மாவட்டம் பிரிக்கப்படாமல் அப்படியே போனது, திருத்தணியும் கூடவே போனது. அதை மீட்க ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, இரு மாநிலங்களின் எல்லைத் தகராறைத் தீர்க்கப் படாஸ்கர் நடுவரானார். அவர் கிராமத்தை அலகாக எடுத்தார், நிலத் தொடர்ச்சியையும் பார்த்தார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி தாலுகாவிலிருந்த சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. மக்கள் இடம்பெயரவில்லை, பேசும் மொழியும் மாறவில்லை. எண்ணும் அலகு சிறுத்தது, கோடு நகர்ந்தது.

தெற்கே, திருவிதாங்கூர்-கொச்சி எல்லையில், மாநிலச் சீரமைப்பை ஆராய்ந்த பசல் அலி ஆணையம் தாலுகாவை வைத்துப் பார்த்தது. அங்குள்ள தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரி நேசமணி முன்னின்ற போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிறகு தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்தோடு இணைந்தன. தேவிகுளத்திலும் தமிழரே பெரும்பான்மை. ஆனால் அங்கே மட்டும், அவர்கள் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்றும், மலைவளம் திருவிதாங்கூர்-கொச்சிக்கு இன்றியமையாதது என்றும் ஆணையம் காரணம் சொன்னது. இரண்டாவது காரணத்தை நான் மதிக்கிறேன். ஒரு மாநிலம் மொழியை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாது. முதல் காரணத்தை ஏற்க முடியவில்லை. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த குடும்பங்களை வந்துபோகிறவர்களாக எண்ணியது அநீதி.

கிராமம் கிராமமாகப் பிரித்தால் வரைபடம் கந்தலாகிவிடும் என்பார்கள். நிலத் தொடர்ச்சி என்ற நிபந்தனையைச் சேர்த்தால் அப்படி ஆகாது என்பதற்குத் திருத்தணியே சான்று. ஆறிய புண்ணைக் கிளறலாமா என்றும் கேட்பார்கள். எல்லா இடத்திலும் ஆறிவிடவில்லை: கிராமத்தை அலகாகக் கொள்ளச் சொல்லி மகாராஷ்டிரா கேட்கும், கர்நாடகத்திலுள்ள பெலகாவி குறித்த வழக்கு 2004இல் தொடுக்கப்பட்டு உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது.

கோடுகளைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. எந்த அலகை எடுத்தாலும் சிலர் அந்தப் பக்கம் சிக்குவார்கள் என்பது அன்றைய நாடாளுமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அதே 1956இல், சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அரசமைப்பில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சத்தியவேட்டில் தமிழ் படிக்க விரும்பும் குழந்தைக்கு ஆந்திர அரசும், ஓசூரில் தெலுங்கு படிக்க விரும்பும் குழந்தைக்குத் தமிழக அரசும் ஆசிரியரை அமர்த்த முயலக் கடமைப்பட்டவை.